பாப்-அப் தொல்லையை வேரோடு அகற்றுவது எப்படி? வீட்டுக் கணினிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திரையின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்க்கிறது. 'உங்கள் கணினியில் 5 வைரஸ்கள் உள்ளன, உடனே சுத்தம் செய்யுங்கள்' என்கிறது. மூடினால் அடுத்த நிமிடமே இன்னொன்று வருகிறது. இந்த நேரத்தில் பலரும் பதறிப்போய் இணையத்தில் தேடி, முதலில் கண்ணில் படும் 'கிளீனர்' மென்பொருளை இறக்கி நிறுவிவிடுகிறார்கள். அதுவரை சாதாரண விளம்பரத் தொல்லையாக இருந்த விஷயம் உண்மையான மால்வேராக (தீங்கு செய்யும் நிரலாக) மாறுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். பாப்-அப் அனுப்புபவர்கள் எதிர்பார்ப்பதும் அந்தப் பதற்றத்தைத்தான்.

நான் பார்த்துக் கொடுத்த கணினிகளில் பெரும்பாலானவற்றில் இப்படி வந்த பெட்டிகளுக்குக் காரணம் வைரஸே இல்லை. எப்போதோ ஏதோ ஒரு தளத்துக்குத் தெரியாமல் கொடுத்த அனுமதிதான். அதை நீக்க ஐந்து நிமிடம் போதும், புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. அதனால் இந்த வழிகாட்டி சின்ன வேலையில் தொடங்கிப் பெரிய வேலைக்குப் போகிறது. வரிசையை மாற்றாதீர்கள். எந்தப் படியில் தொல்லை நிற்கிறதோ அங்கே நிறுத்திக்கொண்டு, கடைசியில் உள்ள பாதுகாப்புப் பகுதிக்குப் போய்விடலாம்.

பாப்-அப் எங்கிருந்து வருகிறது?

எதையும் சொடுக்குவதற்கு முன் கொஞ்ச நேரம் சும்மா கவனியுங்கள். பிரவுசரில் குறிப்பிட்ட ஒரு தளத்தைத் திறந்தால் மட்டும் புது டேப் திறந்து விளம்பரம் வருகிறதா? அப்படியானால் கோளாறு அந்தத் தளத்தில்தான், உங்கள் கணினியில் இல்லை. எந்தத் தளத்துக்குப் போனாலும் விளம்பரம் மேலே மேலே வந்து விழுகிறதா? பிரவுசரோடு சேர்த்து நிறுவும் துணை நிரலான எக்ஸ்டென்ஷனைச் சந்தேகப்படுங்கள். வேறு வேலை செய்துகொண்டிருக்கும்போது திரையின் மூலையில் வருகிறதா? அது நோட்டிஃபிகேஷன், அதாவது ஒரு தளம் பிரவுசர் வழியாக அனுப்பும் அறிவிப்பு. பிரவுசரைத் திறக்கவே இல்லை, கணினியை இயக்கியதும் தானாக ஒரு ஜன்னல் திறக்கிறது என்றால் உள்ளே ஏதோ ஒரு நிரல் உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் உள்ள கைபேசி, டிவி எல்லாவற்றிலும் ஒரே மாதிரி விளம்பரம் என்றால் ரவுட்டரைப் பார்க்க வேண்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் கவனத்தில் வையுங்கள். குரோமின் எல்லா ஜன்னல்களையும் மூடிய பிறகும் அது பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கலாம். அதனால் 'பிரவுசரை மூடிவிட்டேன், அப்படியும் வருகிறது, அப்போ இது வைரஸ்தான்' என்று உடனே முடிவுக்கு வந்துவிடக் கூடாது. குரோம் செட்டிங்ஸில் சிஸ்டம் என்ற பகுதிக்குப் போய், குரோமை மூடிய பிறகும் பின்னணி ஆப்கள் ஓடலாம் என்ற தேர்வை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

திரை முழுவதும் மிரட்டல் வந்து நின்றால்

இது வேறு வகை. சிவப்போ நீலமோ திரை முழுக்க நிறைந்துவிடும். சைரன் ஒலிக்கும், 'கணினியை அணைக்காதீர்கள், உங்கள் தகவல்கள் திருடப்படுகின்றன' என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கும். நடுவில் மைக்ரோசாஃப்ட் சின்னமும் ஒரு தொலைபேசி எண்ணும் தெரியும். மூட முயன்றால் மூடாது. இவ்வளவும் ஒரே ஒரு இணையப் பக்கம் செய்யும் வேலை. பக்கத்தை முழுத்திரையாக்கி, ஒலியை ஓடவிட்டு, மூடும் பொத்தானை மறைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். இந்தப் பக்கம் வந்துவிட்டதாலேயே உங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

மூடும் முறை இது. எஸ்கேப் விசையைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை விலகும். அப்புறம் அந்த டேபை மூடுங்கள். விலகவில்லை என்றால் ஆல்ட்டும் எஃப்4-ம் சேர்த்து அழுத்துங்கள். அதற்கும் அசையவில்லையா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பட்டியலில் உங்கள் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். மறுபடி பிரவுசரைத் திறக்கும்போது, பழைய பக்கங்களை மீட்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மீட்டால் அதே மிரட்டல் திரும்ப வந்து நிற்கும்.

மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கை எதிலும் தொலைபேசி எண் இருக்காது. இதை அந்த நிறுவனமே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எண் இருந்தாலே மோசடி என்று முடிவு செய்துகொள்ளலாம்.

சரி, ஏற்கெனவே அந்த எண்ணுக்கு அழைத்து, அவர்கள் சொன்னபடி, தூரத்திலிருந்தே கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற ஏதாவது ஒன்றை நிறுவிக் கணினியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டால்? உடனே வைஃபையை அணையுங்கள், கேபிள் இருந்தால் பிடுங்குங்கள். பணம் கட்டியிருந்தாலோ கார்டு எண் சொல்லியிருந்தாலோ, வேறு தொலைபேசியிலிருந்து வங்கியை அழையுங்கள். எண்ணைக் கார்டின் பின்புறத்தில் பார்த்து அழையுங்கள், தேடுபொறியில் தேடி எடுக்காதீர்கள். அப்புறம் அந்த ரிமோட் மென்பொருளை நீக்கிவிட்டு, இந்த வழிகாட்டியின் ஸ்கேன் பகுதிக்கும் பாஸ்வேர்டு பகுதிக்கும் நேராகப் போங்கள். இப்படி ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு வீட்டில் சொல்லாமல் மறைப்பதுண்டு. தயவுசெய்து மறைக்காதீர்கள். முதல் சில மணி நேரத்தில் வங்கிக்குச் சொன்னால் பணத்தை நிறுத்தும் வாய்ப்பு அதிகம்.

படி 1: நோட்டிஃபிகேஷன் அனுமதிகளை நீக்குங்கள்

மூலையில் வரும் பெட்டியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பெரிய எழுத்தில் வைரஸ் எச்சரிக்கை, பக்கத்தில் ஏதோ ஒரு ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் சின்னம். அதற்குக் கீழே, யாரும் படிக்காத சிறிய மங்கலான எழுத்தில் பிரவுசரின் பெயரும் ஒரு தளத்தின் முகவரியும் இருக்கும். அந்த முகவரி பெரும்பாலும் நீங்கள் கேள்வியே பட்டிராத, அர்த்தமில்லாத எழுத்துகளும் எண்களும் கலந்த ஒன்றாக இருக்கும். அதுதான் குற்றவாளி. உங்கள் ஆன்டிவைரஸ் உண்மையிலேயே பேசினால் பிரவுசரின் பெயரில் பேசாது.

இந்த அனுமதியை எப்போது கொடுத்தோம்? இலவசமாகப் படம் பார்க்கவோ கோப்பு இறக்கவோ ஒரு தளத்துக்குப் போயிருப்பீர்கள். 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலோ பொத்தானை அழுத்துங்கள்' என்று பக்கம் சொல்லியிருக்கும், மேலே பிரவுசரின் அனுமதிப் பெட்டியும் வந்திருக்கும். அழுத்தியதும் அந்தத் தளம் இனி எப்போது வேண்டுமானாலும் உங்கள் திரைக்குச் செய்தி அனுப்பலாம் என்றாகிவிட்டது. ரோபோ சோதனைக்கும் அலோ பொத்தானுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

நீக்க, குரோமில் மேல் வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைச் சொடுக்கி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று வரிசையாகப் போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் கீழே இருக்கும். அறிமுகமில்லாத ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ள புள்ளிகளைச் சொடுக்கி 'பிளாக்' கொடுங்கள். 'ரிமூவ்' கொடுத்தால் அந்தத் தளம் மறுபடி கேட்கலாம், பிளாக் கொடுத்தால் கேட்க முடியாது. அதே பக்கத்தின் மேலே, எந்தத் தளமும் நோட்டிஃபிகேஷன் அனுப்பக் கூடாது என்ற தேர்வு இருக்கிறது. அதையே தேர்ந்தெடுத்துவிடுங்கள் என்பது என் யோசனை. மின்னஞ்சலோ அலுவலக அரட்டையோ பிரவுசர் வழியாகவே வரவேண்டும் என்பவர்கள் மட்டும் அந்த ஓரிரண்டு தளங்களைப் பட்டியலில் விட்டுவைக்கலாம்.

எட்ஜில் செட்டிங்ஸில் சைட் பெர்மிஷன்ஸ் என்று தேடினால் இதே பட்டியல் கிடைக்கும். ஃபயர்ஃபாக்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்தில் பெர்மிஷன்ஸ் என்ற தலைப்பின் கீழ் நோட்டிஃபிகேஷன்ஸ் எதிரே உள்ள செட்டிங்ஸ் பொத்தானை அழுத்துங்கள். புதிய கோரிக்கைகளை மொத்தமாகத் தடுக்கும் பெட்டியும் அங்கேயே இருக்கிறது. மேக் கணினியில் சஃபாரி செட்டிங்ஸில் வெப்சைட்ஸ் பகுதிக்குள் நோட்டிஃபிகேஷன்ஸ் இருக்கும். கணினியில் எத்தனை பிரவுசர் இருக்கிறதோ அத்தனையிலும் பாருங்கள். எட்ஜை நான் பயன்படுத்துவதே இல்லை என்பவர்களின் கணினியில் எட்ஜிலிருந்துதான் தொல்லை வரும், யாரோ ஒருவர் ஒருநாள் திறந்திருப்பார்.

படி 2: எக்ஸ்டென்ஷன்கள்

பிரவுசரின் எக்ஸ்டென்ஷன் பக்கத்தைத் திறந்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அணையுங்கள். நீக்க வேண்டாம், அணைத்தால் போதும். தொல்லை நின்றுவிட்டால் ஒவ்வொன்றாக மறுபடி இயக்கிப் பாருங்கள். எதை இயக்கியதும் விளம்பரம் திரும்புகிறதோ அதை நீக்குங்கள். கூப்பன் தேடித் தருவது, பிடிஎஃப் மாற்றுவது, வீடியோ இறக்குவது, புது டேபில் அழகான படம் காட்டுவது என்ற வகையறாக்களை முதலில் சந்தேகப்படுங்கள்.

நல்ல பெயரெடுத்த எக்ஸ்டென்ஷனும் கெட்டுப்போகலாம். 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்று ஒன்று இருந்தது. பயன்படுத்தாத டேப்களை உறங்கவைத்து நினைவகத்தை மிச்சப்படுத்தும். 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நிறுவியிருந்தார்கள். 2020-ல் அதை எழுதியவர் வேறொருவரிடம் விற்றுவிட்டார். 2021 பிப்ரவரியில், அதில் மால்வேர் இருக்கிறது என்று சொல்லி கூகுள் அதைத் தன் கடையிலிருந்து தூக்கியது. நிறுவியவர்கள் புதிதாக எதையுமே செய்யவில்லை, எக்ஸ்டென்ஷன் தானாக அப்டேட் ஆனது, அவ்வளவுதான். அதனால் மாதக்கணக்கில் தொடாத எக்ஸ்டென்ஷன் எதையும் விட்டுவைக்காதீர்கள்.

இன்னும் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, பிரவுசரின் தேடுபொறியும் தொடக்கப் பக்கமும் நீங்கள் வைத்ததுதானா என்பது. இரண்டாவது, டெஸ்க்டாப்பில் உள்ள பிரவுசர் ஷார்ட்கட். அதன் மேல் வலது சொடுக்குப் போட்டு பிராபர்ட்டிஸ் திறந்து, டார்கெட் என்ற பெட்டியின் கடைசி வரை நகர்த்திப் பாருங்கள். பிரவுசரின் கோப்புப் பெயருக்குப் பின்னால் ஏதாவது இணைய முகவரி ஒட்டியிருந்தால், ஒவ்வொரு முறை பிரவுசரைத் திறக்கும்போதும் அந்தப் பக்கம் வருவதற்கு அதுதான் காரணம். முகவரியை மட்டும் அழித்துச் சேமியுங்கள். மூன்றாவது, குரோம் மெனுவின் அடியில் 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்ற பொருளில் ஒரு வரி. அலுவலகக் கணினியில் அது இயல்பு. சொந்தக் கணினியில் இருந்தால், ஏதோ ஒரு நிரல் பிரவுசருக்குக் கொள்கைக் கட்டளை போட்டு வைத்திருக்கிறது. சில ஆன்டிவைரஸ்களும் அப்படிச் செய்வதுண்டு. ஆனால் நீக்கவே முடியாத எக்ஸ்டென்ஷன் ஒன்றும் கூடவே இருந்தால் அது மால்வேரின் வேலைதான். அதை ஸ்கேன் படியில் பார்ப்போம்.

எதற்கும் மசியவில்லை என்றால் பிரவுசரை ரீசெட் செய்யுங்கள். புக்மார்க்கும் சேமித்த பாஸ்வேர்டும் அப்படியே இருக்கும். எக்ஸ்டென்ஷன்கள் அணைக்கப்படும், தொடக்கப் பக்கம் போன்றவை பழைய நிலைக்குத் திரும்பும். ரீசெட் செய்யும் முன் சிங்கை (பிரவுசர் அமைப்புகளை உங்கள் கணக்கில் சேமித்து மற்ற கருவிகளுக்கும் கொண்டுபோகும் வசதியை) அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் இங்கே துரத்தியது உங்கள் கூகுள் கணக்கின் வழியாக மறுபடி இறங்கும். 'ரீசெட் பண்ணியும் போகவில்லை' என்ற புலம்பலுக்குப் பல சமயம் இதுதான் காரணம்.

படி 3: கணினிக்குள் உட்கார்ந்திருக்கும் நிரல்கள்

விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய், நிறுவப்பட்ட நிரல்களின் பட்டியலை நிறுவிய தேதிப்படி அடுக்குங்கள். தொல்லை எப்போது தொடங்கியது என்று உங்களுக்குத் தோராயமாகத் தெரியும். அந்த நாளையொட்டி வந்தவற்றைப் பாருங்கள். ஒரே நாளில் நான்கைந்து நிரல் வரிசையாக நிறுவப்பட்டிருந்தால், ஏதோ ஓர் இலவச மென்பொருளை நிறுவும்போது 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டிக்கொண்டே போனதில் கூட வந்தவை அவை. பெயர் புரியாவிட்டால் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு நீக்குங்கள். ஒலி, கிராஃபிக்ஸ் டிரைவர்களை அவசரத்தில் தூக்கிவிடாதீர்கள்.

அப்புறம் டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்டப் பகுதி. கணினி இயங்கியதும் தானாக ஓடுபவை அங்கே இருக்கும், தேவையில்லாததை டிஸேபிள் செய்யலாம். அதில் சந்தேகத்துக்கு இடமாக எதுவும் இல்லை, ஆனாலும் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை ஒரு கறுப்பு ஜன்னல் மின்னி மறைகிறது, இல்லை பிரவுசர் தானாகத் திறக்கிறது என்றால் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து பாருங்கள். நிறைய பேர் எட்டிப் பார்க்காத இடம் அது. இடப்பக்கம் லைப்ரரியைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு பணியாகச் சொடுக்கி, கீழே ஆக்ஷன்ஸ் என்பதில் எந்த நிரல் ஓடுகிறது என்று கவனியுங்கள். இணைய முகவரியையோ, ஆப்டேட்டா கோப்புறைக்குள் இருக்கும் புரியாத பெயரையோ அழைக்கும் பணியை முதலில் டிஸேபிள் செய்யுங்கள். நல்ல நிரல்கள் சிலவும் அதே கோப்புறையிலிருந்து ஓடும், அதனால் ஓரிரு நாள் பார்த்துவிட்டு அழிப்பது நல்லது. கொஞ்சம் பழக்கம் உள்ளவர்கள் மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ஆட்டோரன்ஸ் கருவியைப் பயன்படுத்தலாம். தானாக ஓடும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும்.

படி 4: ஸ்கேன்

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபென்டர் என்ற ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. வீட்டு உபயோகத்துக்கு அது போதும். காசு கொடுத்து வேறு வாங்கியே ஆகவேண்டும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்ததும் ஸ்கேன் பொத்தானை அழுத்துவதற்கு முன், வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன் செட்டிங்ஸில் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்ற பட்டியலைப் பாருங்கள். இந்த இடங்களை ஸ்கேன் செய்யாதே என்று டிஃபென்டருக்குச் சொல்லி வைக்கும் பட்டியல் அது. மால்வேர் உள்ளே நுழைந்ததும் தன் கோப்புறையை அதில் சேர்த்துக்கொள்வது வழக்கமான உத்தி. சி டிரைவ் முழுவதையும் சேர்த்து வைத்திருப்பதும் உண்டு. அப்படி இருந்தால் எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் 'ஒன்றும் இல்லை' என்றுதான் வரும். நீங்களாகச் சேர்க்காத எதையும் நீக்கிவிடுங்கள்.

பிறகு அப்டேட் செய்துவிட்டு ஃபுல் ஸ்கேன் கொடுங்கள். இது மணிக்கணக்கில் ஓடலாம், ஓடட்டும். அது முடிந்ததும் டிஃபென்டரின் ஆஃப்லைன் ஸ்கேன். கணினி மறுதொடக்கமாகி, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே ஸ்கேன் ஓடும், சுமார் 15 நிமிடம் ஆகும். விண்டோஸ் ஓடும்போது தன்னை மறைத்துக்கொள்ளும் மால்வேரை இப்படித்தான் பிடிக்க முடியும்.

இரண்டாவது கருத்துக்கு ஒரு கருவி வைத்துக்கொள்ளலாம். விளம்பரத் தொல்லைக்கென்றே உள்ள ஆட்வ்கிளீனர் நன்றாக வேலை செய்கிறது. மால்வேர்பைட்ஸ் நிறுவனம் அதை இலவசமாகத் தருகிறது, நிறுவத் தேவையில்லை. முன்பு சொன்ன பிரவுசர் கொள்கைக் கட்டளைகளை அழிக்கும் தேர்வும் அதன் செட்டிங்ஸில் உண்டு. மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரும் நல்லது. இறக்கிய 10 நாளில் அது காலாவதியாகிவிடும், அதனால் ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்க வேண்டும். எதை இறக்கினாலும் அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இறக்குங்கள், தேடல் முடிவின் மேலே வரும் விளம்பர இணைப்பில் வேண்டாம். எந்நேரமும் காவல் காக்கும் ஆன்டிவைரஸ் இரண்டை ஒரே கணினியில் போடாதீர்கள். ஒன்றையொன்று சந்தேகப்பட்டு, கணினி நகராமல் போய்விடும்.

ஸ்கேனரைத் திறக்கவே விடாமல் மால்வேர் தடுத்தால், அத்தியாவசிய நிரல்களோடு மட்டும் விண்டோஸ் எழும் சேஃப் மோடில் முயலுங்கள். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் என்று போய் மறுதொடக்கம் செய்து, 5 என்ற எண்ணை அழுத்தினால் இணையத்துடன் கூடிய சேஃப் மோடு வரும். டிரைவைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் ஓடும் கணினியில் ரெகவரி கீ கேட்கலாம், அதை முன்கூட்டியே மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: இணைய இணைப்பின் அமைப்புகள்

கணினி சுத்தம் என்று எல்லா ஸ்கேனும் சொன்ன பிறகும் பக்கங்கள் வேறெங்கோ திசைதிரும்பினால் இதைப் பாருங்கள். நெட்வொர்க் செட்டிங்ஸில் பிராக்ஸி பகுதியில் நீங்கள் வைக்காத பிராக்ஸி சர்வர் (உங்கள் இணையப் போக்குவரத்து கடந்து போகும் இடைத்தரகர்) இயங்கினால் அணையுங்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி என்று உள்ளே போனால் ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பு இருக்கும். எந்தத் தளப் பெயருக்கு எங்கே போகவேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் கோப்பு அது. நோட்பேடில் திறந்து பாருங்கள். யாரும் கைவைக்காத கோப்பில் எல்லா வரிகளும் # குறியோடு தொடங்கும். அந்தக் குறி இல்லாமல் தெரிந்த தளங்களின் பெயர்கள் வரிசையாக இருந்தால் யாரோ திருத்தியிருக்கிறார்கள்.

தளத்தின் பெயரைக் கொண்டு அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது டிஎன்எஸ். ரவுட்டரின் டிஎன்எஸ் அமைப்பை மாற்றிவிட்டால் வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளும் மோசடிக்காரர்களின் சர்வரிடம் வழி கேட்கும். 'டிஎன்எஸ் சேஞ்சர்' என்ற மால்வேர் டிஎன்எஸ் அமைப்பை இப்படி மாற்றி உலகம் முழுவதும் சுமார் 40 லட்சம் கணினிகளைப் பிடித்திருந்தது. 2011 நவம்பரில் அதை நடத்திய கும்பல் பிடிபட்டது. ஆனால் அந்தச் சர்வர்களை உடனே அணைத்திருந்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இணையமே நின்றிருக்கும். அதனால் 2012 ஜூலை 9 வரை மாற்றுச் சர்வர்களை ஓடவிட்டார்கள். ரவுட்டரில் சந்தேகம் வந்தால் பின்புறத் துளையில் ஊசியால் அழுத்தித் தொழிற்சாலை நிலைக்கு ரீசெட் செய்யுங்கள். அதற்கு முன் இணைய சேவை நிறுவனம் கொடுத்த பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கையில் இருக்கட்டும். பிறகு நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றி, ரவுட்டரின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரை அப்டேட் செய்து, வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணையுங்கள்.

எதுவும் பலிக்கவில்லை என்றால்

விண்டோஸை மறுபடி நிறுவுங்கள். தோற்றுப்போன மாதிரி நினைத்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். மூன்று நாள் போராடுவதை விட அரை நாளில் முடிகிற இந்த வேலை மேல். பாஸ்வேர்டு திருடும் மால்வேர் பிடிபட்டிருந்தால், ஸ்கேனர் நீக்கிவிட்டது என்று சொன்னாலும் நான் மறுபடி நிறுவவே சொல்வேன்.

முதலில் புகைப்படம், ஆவணம் ஆகியவற்றை வெளி டிரைவுக்கு நகலெடுங்கள். நிரல்களையும் இன்ஸ்டாலர்களையும் எடுக்காதீர்கள். செட்டிங்ஸில் ரெகவரி பகுதியில் 'ரீசெட் திஸ் பிசி' இருக்கிறது. கோப்புகளை வைத்துக்கொள்வதா, எல்லாவற்றையும் அழிப்பதா என்று கேட்கும். மால்வேர் வந்த கணினிக்கு எல்லாவற்றையும் அழிப்பதே சரி. கிளவுட் டவுன்லோடு தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் புதிதாக இறங்கும். இன்னும் உறுதியாக வேண்டும் என்றால், சுத்தமான வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலைக் கொண்டு குறைந்தது 8 ஜிபி பென் டிரைவில் நிறுவல் கோப்பை உருவாக்கி, அதிலிருந்து நிறுவுங்கள்.

கோப்புகள் பூட்டப்பட்டு பணம் கேட்டால் அது ரான்சம்வேர். அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள், பூட்டிய கோப்புகளை அழிக்கவும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016-ல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சில வகைகளுக்கு இலவசத் திறவுகோல் கிடைக்கிறது.

பாஸ்வேர்டுகள்: சுத்தம் செய்த பிறகு, வேறு கருவியிலிருந்து

தொல்லை வெறும் நோட்டிஃபிகேஷன் என்றால் இது தேவையில்லை. உண்மையான மால்வேர் பிடிபட்டிருந்தால் கட்டாயம். இன்றைய திருட்டு மால்வேர்கள் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளோடு, லாகின் செய்த நிலையைக் காட்டும் குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போகும். அந்தக் குக்கீ கையில் இருந்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், இரண்டாம் கட்டக் குறியீடும் வேண்டாம், நேராக உள்ளே போய்விடலாம். அதனால் பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் 'சைன் அவுட் ஆல்' வகைப் பொத்தானையும் அழுத்த வேண்டும்.

முதலில் மின்னஞ்சல். மற்ற எல்லாக் கணக்குகளையும் மீட்கும் வழி அதுதான். அப்புறம் வங்கி, பிறகு சமூக வலைதளங்கள். மின்னஞ்சலில் ஃபார்வர்டிங், ஃபில்டர் அமைப்புகளையும் பாருங்கள். உங்களுக்கு வரும் கடிதங்களின் நகல் வேறெங்கோ போகும்படி செய்துவைத்திருக்கலாம். இதையெல்லாம் பாதிக்கப்பட்ட கணினியில் உட்கார்ந்து செய்தால் புதுப் பாஸ்வேர்டும் அப்படியே போய்ச் சேரும். கைபேசியிலோ வேறு கணினியிலோ செய்யுங்கள்.

இனி வராமல் இருக்க

அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் சில நாட்களுக்குள் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. பிரிட்டனில் மருத்துவமனைகளே திண்டாடின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் இருந்தது. 'பிறகு நினைவூட்டு' என்ற பொத்தானைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்குச் சிறிது காலம் நீட்டிப்பு உண்டு. மற்றவர்கள் 11-க்கு மாறப் பாருங்கள். கணினி அதற்கு இடம் கொடுக்காவிட்டால் லினக்ஸும் நல்ல வழிதான்.

விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல் பகுதியில், தேவையற்ற ஆப்களைத் தடுக்கும் தேர்வு இருக்கிறது. அதை இயக்குங்கள். இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வருபவற்றில் பலவற்றை இது வாசலிலேயே நிறுத்தும்.

விளம்பரத் தடுப்பானை நான் வசதிக்காகச் சொல்லவில்லை, பாதுகாப்புக்காகவே சொல்கிறேன். போலி மென்பொருள் தளங்கள் தேடல் விளம்பரங்கள் வழியாக மக்களை இழுப்பதால், விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துங்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐயே 2022 டிசம்பரில் பொதுமக்களுக்கு அறிவுறுத்தியது. ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின், குரோமில் அதன் லைட் வடிவம் போதும்.

இப்போது பரவலாக இருக்கும் ஒரு தந்திரத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். ரோபோ சோதனை போன்ற ஒரு பக்கம் வரும். சொடுக்கியதும், 'சரிபார்க்க விண்டோஸ் விசையும் ஆர்-உம் சேர்த்து அழுத்துங்கள், அடுத்து கன்ட்ரோலும் வி-உம், கடைசியில் எண்டர்' என்று மூன்று வரி வரும். நீங்கள் சொடுக்கிய நொடியிலேயே அந்தப் பக்கம் ஒரு கட்டளையை, காப்பி செய்தவை தங்கும் உங்கள் கிளிப்போர்டில் வைத்துவிட்டது. மூன்று வரியைச் செய்து முடித்தால், மால்வேரை இறக்கி ஓட்டும் கட்டளையை உங்கள் கையாலேயே இயக்கியிருப்பீர்கள். நீங்களே ஓட்டுவதால் எச்சரிக்கை எதுவும் வராமல் போகலாம். கிளிக்ஃபிக்ஸ் என்று இதற்குப் பெயர், 2024-லிருந்து பெருகிவிட்டது. எந்த உண்மையான ரோபோ சோதனையும் விசைப்பலகையில் இப்படி அழுத்தச் சொல்லாது.

அன்றாட வேலைக்கு அட்மின் உரிமை இல்லாத தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகளுக்குக் கண்டிப்பாக. எதையாவது நிறுவ முயன்றால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும், அந்த ஒரு நிமிட இடைவெளியில் யோசிக்க நேரம் கிடைக்கும். ஃபைல் எக்ஸ்புளோரரில் வியூ மெனுவில் கோப்பு நீட்டிப்புகளைக் காட்டும் தேர்வை இயக்குங்கள். அது அணைந்திருந்தால் பிடிஎஃப் என்று தெரிகிற கோப்பு உண்மையில் இஎக்ஸ்இ என்று முடியும் நிரலாக இருக்கலாம். சந்தேகமான கோப்பைத் திறக்கும் முன் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பாருங்கள், பல ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் சோதிக்கும். அங்கே ஏற்றுவதை மற்றவர்களும் பார்க்க வாய்ப்புண்டு, அந்தரங்க ஆவணங்களை ஏற்றாதீர்கள். கிராக் செய்த மென்பொருளைப் பற்றி நீட்டி எழுத எதுவும் இல்லை. 'ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவுங்கள்' என்று சொல்லும் எதையும் நிறுவாதீர்கள்.

கடைசியாக பேக்கப். முக்கியமான கோப்புகள் மூன்று பிரதிகளில், இரண்டு வகை சேமிப்பில், ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். வெளி ஹார்டு டிரைவை எப்போதும் கணினியில் செருகியே வைக்காதீர்கள், ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். நகலெடுத்ததும் கழற்றி எடுத்து வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை அதிலிருந்து நான்கைந்து கோப்புகளைத் திறந்து, அவை முழுசாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.